மாற்றாளின் ஞாயிற்றுக்கிழமை

மெர்டேக்காவுக்கு, அதாவது நாடு சுதந்திரம் அடைந்ததற்கு, மறு வருடம். காஜா பேராங்கில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கிடங்குகளுக்கு ஜாகாக்களை, அதாவது காவலாளிகளை, ஒப்பந்தத்தில் அனுப்பும் முதலாளியிடம் கணக்கு எழுதும் ஒரே கிராணி நான்தான். கணக்கில் புலி என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டிருந்த காலம்.

கிளேபாங்கில் ஒரு ரப்பர் கிடங்குக்கு ஆறு ஜாகாக்கள். வாரத்தில் ஆறு நாள் வேலை, ஒரு நாள் சம்பளத்தோடு ஓய்வு. திங்கள் முதல் சனி வரை தினம் ஒருவர் ஓய்வெடுப்பார். அவர் இடத்தில் மாற்றாள் நிற்பார். ஞாயிறன்று ஆறு பேரும் இருப்பதால் மாற்றாளுக்கு ஓய்வு. வருட ஒப்பந்தத்துக்கு விலை போட்டவன் நான். ஆறு பேரின் ஓய்வுச் சம்பளத்தைச் சேர்த்தேன். மாற்றாளின் ஆறு நாள் சம்பளத்தையும் சேர்த்தேன். ஊருக்கெல்லாம் ஓய்வு கொடுக்கிற அந்த மனிதருக்கும் சம்பளத்தோடு ஒரு நாள் ஓய்வு உண்டு என்பது மட்டும் புலியின் மூளைக்கு எட்டவில்லை.

முதல் மாதச் சம்பளப் பட்டியலை எழுதும்போதுதான் அது கண்ணில் பட்டது. நாள் சம்பளம் மூன்று வெள்ளிக் காசு, மாதத்துக்கு நான்கு ஞாயிறு, மொத்தம் பன்னிரண்டு வெள்ளி விடுபட்டிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகி வாரங்கள் ஓடியிருந்தன. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பில்லுல இல்லாத காச நான் எங்கேருந்து குடுக்கிறது? ஒண்ணு, அவன நாள்கூலின்னு எழுது. இல்ல, வருசம் முழுக்க ஒன் சம்பளத்துல புடிச்சிக்கிறேன். நீயே சொல்லு."

நாள்கூலிக்கு ஓய்வுச் சம்பளம் கிடையாது. எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். வீட்டு வாடகை ஏற்கெனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. 'நாள்கூலி' என்று எழுதி, மை காயும் முன்பே பேரேட்டை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை மாற்றாள் வந்தார். தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த நாற்பது வயதுக்காரர். மனைவி இறந்த பிறகு இரண்டு பிள்ளைகளையும் புக்கிட் ரம்பாயில் அக்கா வீட்டில் விட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்ப் பார்ப்பார்.

"பசியாறிட்டீங்களா கிராணி?" என்று கேட்டுக்கொண்டே காசை வாங்கி எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஞாத்துக்கிழம காசு வரலியே. மத்தவங்களுக்கெல்லாம் ஓய்வுக்குப் போட்டிருக்கே?"

என் முதுகுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. முதலாளியின் நாற்காலி கிறீச்சிடுவது நின்றுபோனது.

"நீங்க நாள்கூலிண்ணே. அதுக்கு ஓய்வுச் சம்பளம் இல்ல."

"நீங்க கணக்குப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சரியாத்தான் இருக்கு."

"நீங்க பாத்தா சரிதான்" என்று சொல்லிப் பெருவிரலை மையில் தோய்த்து, நான் காட்டிய இடத்தில் அழுத்தினார். சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்கு எகிறியிருப்பேன். அவர் நம்பிவிட்டார்.

படியிறங்கப் போனவர் திரும்பி வந்தார். "புள்ளைங்க சாப்பாட்டுக்கு அக்காவுக்குக் குடுக்கணும். ஞாத்துக்கிழமையில வேற எங்கயாச்சும் நிக்க எடமிருந்தா சொல்லுங்க கிராணி."

எனக்கு வந்ததே ஒரு சுறுசுறுப்பு. அன்று மாலைக்குள் சைக்கிளில் நான்கு இடம் அலைந்து, ஒரு மரக்கடையில் ஞாயிறு காவலுக்கு அவரைச் சேர்த்துவிட்டேன். பாவத்தைக் கழுவிவிட்டதாக எண்ணி அன்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தேன். நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, வாழையிலைப் பொட்டலத்தோடு அவர் மாடியேறி வந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கு, இன்னும் சூடாக இருந்தது.

"அக்கா வீட்டுக்காரரு சைக்கிள்ல கொண்டாந்தாரு. ஞாத்துக்கிழம வேல வாங்கிக் குடுத்தீங்கள்ல, அதான் ஒங்களுக்கு."

"புள்ளைங்க எப்படி இருக்காங்கண்ணே?"

"நல்லாருக்காங்கன்னு சொன்னாரு. நான் பாத்து ரெண்டு மாசமாச்சு."

பொட்டலத்தை நீட்டினார். உள்ளறையில் அன்று யாரும் இல்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.