பொட்டு வைத்த களிமண்

கையில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, கீழ வீதியில் நின்ற யாரோ ஒருவருடைய வெள்ளைக் காரின் பானெட்டைத் தடவிக்கொண்டிருந்தாள் புஷ்பவள்ளி. நெற்றி நிறைய விபூதியோடு கோயிலிலிருந்து வந்த கார்க்காரர், "ஏம்மா, வண்டிய ஏன் தடவுற?" என்று அதட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. "ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதான நிறுத்துறீங்க? மேலெல்லாம் நறநறன்னு இரும்புத்தூளு. இப்பிடியே வுட்டீங்கன்னா மழை முடியறதுக்குள்ள புள்ளி புள்ளியா துரு பூத்துடும்" என்றாள். பையைக் கழற்றி, நீங்களே தடவிப் பாருங்கள் என்று அவர் கையில் மாட்டப் போனாள். மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார். "போங்க, உங்க வண்டி, உங்க தலையெழுத்து" என்று அவள் சொன்னது நாலு கடை தள்ளிக் கேட்டிருக்கும்.

வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு, பை மாட்டிய விரலுக்குத் தெரியும். நானும் வீட்டுக்கு வந்து என் ஆல்டோவைத் தடவிப் பார்த்தேன். ரவையைத் தொட்டது போல இருந்தது. நெய்வேலி மின்நிலையச் சாம்பலும் கடலோர உப்பும் தண்டவாளத் தூளும் என் காரில் குடியிருப்பது இத்தனை நாளாக எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

சிதம்பரம் வண்டிகேட் பக்கம், கடலூர் சாலையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. 'கொளஞ்சியப்பன் வாட்டர் சர்வீஸ்' என்று போர்டு. கொளஞ்சியப்பன் அவள் கணவன். குழாயைப் பிடித்துத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பது அவன் வேலை. பெயிண்டைத் தொடுகிற வேலை முழுக்க அவளுடையது. கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் ஒரு கார் ஷோரூமில் வண்டி துடைக்கிற வேலையில் இருந்தவள் அவள். களிமண் போடுவதை அங்கேதான் கற்றுக்கொண்டாள். போர்டில் அவள் பெயர் மருந்துக்கும் கிடையாது.

களிமண் என்றால் வயல் களிமண் இல்லை. நீல நிறத்தில், உள்ளங்கை அளவில், பிசைந்தால் இளகுகிற ஒரு பசைக் கட்டி. காரைக் கழுவிய பிறகும் பெயிண்டைக் கவ்விக்கொண்டிருக்கும் தூளைப் பிடுங்கி எடுப்பதற்கென்றே செய்து விற்கிறார்கள். புஷ்பவள்ளி அதைத் தட்டையாக அமுக்கி, சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கிவிட்டுக்கொண்டே போவாள். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கினால் அந்த இடம் சுத்தம். அழுக்கான முகத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புது முகத்தை வெளியே கொண்டுவந்து அடுத்த இடத்துக்குப் போவாள்.

எங்கள் ஊர் கார்க்காரர்களுக்கு இதெல்லாம் கிண்டல். "கழுவின வண்டிக்கு மறுபடியும் மண்ணைப் பூசுறியா புஷ்பா?" என்பார்கள். "வூட்ல போயி பாத்திரம் தேய்க்கிற நார வெச்சி தேய்ச்சிக்குங்க, போங்க" என்பாள். அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில். கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டுவாள். காய்ந்த துண்டால் கார் துடைக்கிறவனைத் திட்டுவாள். தூசி படிந்த கண்ணாடியில் விரலால் பெயர் எழுதிவிட்டுப் போகிற அண்ணாமலை நகர் மாணவர்களை அவர்கள் வம்சத்தோடு சேர்த்துத் திட்டுவாள். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் அந்தச் சாலையில் குறைவு. நானும் வாங்கியிருக்கிறேன்.

களிமண் விஷயத்தில் மட்டும் அவளிடம் பேச்சே எடுபடாது. கைதவறித் தரையில் விழுந்தால், பிரித்த அன்றே விழுந்தாலும், குப்பைக்கூடைதான். "கீழ வுழுந்தா அது செத்துதுக்கா. ஒரு மணலு ஒட்டினா போதும், வண்டி பூரா கோடு" என்பாள். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் தெளித்து, மூடி இறுகுகிற டப்பாவில் போடுவாள். இல்லாவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். தகரக் கொட்டகை வெக்கையில் அதை வைக்க மாட்டாள். டப்பா அவளுடைய சாப்பாட்டுப் பையில், பூவரச மர நிழலில் தொங்கும். சக்கரத்துக்குப் போடுகிற பழைய கட்டிக்குச் சிவப்பு மூடி டப்பா. இரண்டையும் மாற்றிப் போட்டால் கொலை விழும்.

கொளஞ்சியப்பன் சாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தண்ணீரும் சாமியும்தான். தைப்பூசத்துக்கு வடலூருக்கு நடந்தே போகிறவன். போன வருஷ ஆயுத பூஜைக்குப் பம்பு, வாளி, பிரஷ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தவன், அவள் பையிலிருந்து நீலக் கட்டியையும் எடுத்து வாழையிலையில் வைத்தான். விபூதி போட்டு, கல்லில் இழைத்த சந்தனமும் குங்குமமும் வைத்தான். அதுவும் தொழில் செய்கிற சாமான்தானே, விட்டால் சாமி குற்றமாகிவிடும் என்று அவனுக்குப் பயம். பூஜை முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடை துடைத்து, மடித்து, டப்பாவில் போட்டுவிட்டான். அவளிடம் சொல்லவில்லை.

மறுநாள் விஜயதசமி. புஷ்பவள்ளி பெண்ணைப் பள்ளியில் சேர்க்கப் போயிருந்தாள். நான் ஆல்டோவோடு போய்க் காத்திருந்தேன். புவனகிரி காண்ட்ராக்டர் அம்பலவாணன் தன் கறுப்புக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நல்ல நாளு, மொதல் வண்டி என்னுதுதான்" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனார். முதல் வண்டியைக் காக்க வைக்கக் கூடாது என்று கொளஞ்சியப்பனே கழுவி, டப்பாவைத் திறந்து தேய்க்க ஆரம்பித்தான். அவள் திரும்பி வந்தபோது பானெட் முழுக்க வேலை முடிந்திருந்தது. வெயில் பட்ட இடமெல்லாம் சிலந்திவலைபோல வட்ட வட்டமாகக் கீறல்.

அவள் அவன் கையிலிருந்த கட்டியைப் பிடுங்கி இரண்டாகப் பிய்த்தாள். நடுவில் குங்குமச் சிவப்பும் சந்தனத் தூளும்.

"இன்னா மாமா இது?"

"சாமிக்கு வெச்சது புஷ்பா. தொடச்சிட்டுதான் தேய்ச்சேன்."

அதற்குள் அம்பலவாணன் வந்துவிட்டார். பானெட்டைப் பார்த்தார். "எவன்டா பண்ணது இது?" என்று அவர் போட்ட கூச்சலில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தான். பிறகு, "அவதான் சார் தேய்ச்சா" என்றான்.

"பொம்பளை கையில வண்டியக் குடுத்தா இப்பிடித்தான். தோசைக்கல்லு தேய்க்கிற கையி" என்று ஆரம்பித்த மனிதர் நிறுத்தவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இங்க பாருங்க" என்று எழுந்தேன். புஷ்பவள்ளி என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "நீங்க சொல்லக் கூடாதுக்கா" என்றாள் காதோடு. "அவரு சொல்லணும்."

அவன் சொல்லவில்லை. அவள்தான் பாலிஷ் மெஷினைப் பிடித்து, பொழுது சாயும்வரை நின்று அந்தக் கீறல்களை எடுத்தாள்.

கீறல் போய்விட்டது, பேச்சு போகவில்லை. அம்பலவாணன் தனக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தார். வருகிறவர்கள், "கொளஞ்சி, நீயே தேய், அந்தம்மா வேணாம்" என்று சொல்லிச் சாவியைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அவனுக்குக் களிமண் பிடிக்கத் தெரியாது. வெறும் வாக்ஸைத் தடவி அனுப்பினான். ஊரிலேயே அந்த வேலை தெரிந்த ஒரே ஆள் கொட்டகைப் பின்புறம் உட்கார்ந்து கால்மிதி அலசினாள். எதற்கெடுத்தாலும் சத்தம் போடுகிறவள் இதைப் பற்றி மட்டும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நான் கேட்டபோதும், "சொல்லுவாரு. சொல்லித்தான ஆவணும்" என்றதோடு சரி. அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவளுக்காக அடக்கிக்கொண்டேன். இந்த ஊரில் ஒரு பெண்ணின் பத்து வருஷக் கைவேலையை அழிக்க ஓர் ஆண்பிள்ளையின் மூன்று வார்த்தை போதும் என்றால், எங்கே போய் முட்டிக்கொள்வது?

இந்த வருஷ ஆயுத பூஜைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள். வாழையிலை போட்டு, பம்பும் வாளியும் பிரஷும் வரிசையாக இருந்தன. வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பொரிகடலைப் பொட்டலங்கள் கட்டிவைத்திருந்தாள். சாப்பாட்டுப் பை மரத்தில் தொங்கியது. அம்பலவாணன் கறுப்புக் காரோடு வந்து சேர்ந்தார். சாவியை அவரே ஆணியில் மாட்டினார்.

"வண்டி இங்கியே இருக்கட்டும். நாளைக்கு மொதல் வண்டி என்னுது. கொளஞ்சி, நீயே தேய்ச்சிடு. போன வருசம் மாதிரி பொம்பளைய வுட்டுடாத."

கொளஞ்சியப்பன் "சரிங்க சார்" என்றான்.

புஷ்பவள்ளி போய்ப் பையை எடுத்துவந்தாள். டப்பாவைத் திறந்து, உறை பிரிக்காத புதுக் கட்டி ஒன்றைப் பிரித்தாள். இலையிலிருந்த விபூதியை அதன்மேல் போட்டாள். சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள். பொட்டு உள்ளே போகும்படி மடித்து, கணவனின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க மாமா. போன வருசம் நீங்க வெச்ச மாதிரியே வெச்சிருக்கேன். நாளைக்கு இதாலயே சாருக்குத் தேய்ச்சிக் குடுங்க."

அவன் அந்தக் கட்டியைப் பார்த்தான். காரைப் பார்த்தான். கட்டியைத் திரும்ப இலையிலேயே வைத்தான்.

"போன வருசம் தேய்ச்சது நான்தான் சார்" என்றான் கொளஞ்சியப்பன். "அவ அப்ப இஸ்கூலுக்குப் போயிருந்தா. பொட்டு வெச்சதும் நான்தான். பயந்துக்கினு அவ மேல பழி போட்டேன்."

அம்பலவாணன் சிரித்தார். முதுகில் தட்டினார். "அட, இதுக்கா மூஞ்சிய இப்பிடி வெச்சிக்கினு நிக்கிற? வுடுய்யா. தொழில்னா ரெண்டு கோடு வுழத்தான் செய்யும். சாமிக்குச் செஞ்சதுதான?"

ஒரு வருஷம் ஊர் பூராவும் சொல்லித் திரிந்த வாய் அது. அந்த இரண்டு கோடு அவள் போட்டதாக இருந்தவரை தோசைக்கல் கை. அவன் போட்டது என்றதும் சாமி காரியம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. புஷ்பவள்ளி இப்போது போடப்போகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

அவள் சத்தம் போடவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தாள். இலையோரத்திலிருந்து ஒரு பொரிகடலைப் பொட்டலத்தையும் எடுத்து, இரண்டையும் சேர்த்து, வந்த விருந்தாளிக்குக் கொடுத்தனுப்புகிற மரியாதையோடு அம்பலவாணன் கையில் வைத்தாள்.