சிவப்பனும் பச்சையனும் கிணற்றுக்குச் சண்டை போட்ட கதை

தோவாளைப் பூச்சந்தையில் முதன்முதலாக இங்கிலீஷ் புத்தகம் படித்து அபிப்பிராயம் சொன்ன ஆள் நான்தான். இது பொய். புத்தகம் இருந்தது, அபிப்பிராயமும் சொன்னேன். நடுவில் வருகிற படிப்புதான் கிடையாது. அப்போது எனக்குத் தமிழே தகராறு. பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்பதை டிரைவரின் மீசையைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பேன். ஒரு டிரைவர் மீசையை எடுத்த அன்றைக்கு, திருநெல்வேலிக்குப் போகவேண்டிய பிச்சிப்பூ திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தது. எழுத்துக் கூட்டப் பழகியதெல்லாம் கல்யாணத்துக்குப் பிறகு, பெண்டாட்டி கேலி தாங்காமல்.

நேற்று முடிவெட்டப் போயிருந்தேன். வெட்டுகிற அளவுக்குத் தலையில் ஒன்றுமில்லை, பேச்சுக்காகப் போவதுதான். பெஞ்சில் இருந்த ஒரு காலேஜ் பையன் படக்கதைப் புத்தகம் வைத்திருந்தான். முகமூடி போட்ட இரண்டு சூரன்கள் கூட்டுச் சேர்ந்து ஊரைக் காப்பாற்றுகிற கதையாம். அதன் கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதம். உரக்கப் படித்தான்: "கதை இழுவை. ஓவியம் அருமை. இரண்டு நாயகர்களையும் இன்னும் சீக்கிரம் சேர்த்து வைத்திருக்கலாம்."

கடைசி வரியைக் கேட்டதும் எனக்குப் பவுடர் வாசம் போய், பாச்சா உருண்டை வாசம் வந்துவிட்டது.

பாச்சா உருண்டை வாசம் யேசுவடியானுடையது. அவருடையது என்றால், சந்தைக்கு எதிரே இருந்த அவருடைய சாயாக்கடையில் தொங்கிய புத்தகத்தினுடையது. அவருடைய மச்சினன் கொழும்பிலிருந்து வந்தபோது பெட்டியில் துணிக்கு அடியில் விரித்திருந்த கலர் பொம்மைப் புத்தகம் அது. யேசுவடியான் அதில் ஓட்டை போட்டு, சணல் கோர்த்து, தூணில் கட்டிவிட்டார். சாயா குடிக்கிறவன் பார்க்கலாம், அவிழ்த்துக்கொண்டு போக முடியாது.

உள்ளே இரண்டு சூரன்கள். ஒருவன் தலையிலிருந்து கால்வரை சிவப்பு. ஆள் மலைபோல இருப்பான், காதோரம் நரை. இன்னொருவன் பச்சை. சின்ன வயசு, ஆகாயத்தில் பறப்பான். பெயர் இங்கிலீஷில் இருந்ததால் நாங்கள் சிவப்பன், பச்சையன் என்று வைத்துக்கொண்டோம். முதலில் ஒருவனை ஒருவன் அடித்துப் புரட்டுகிறார்கள். பிறகு இரும்பு ராட்சசன் ஒருவன் வருகிறான். அப்புறம் இரண்டு பேரும் ஒன்று.

பூ ஏற்றும் பஸ் வரும்வரை வேலை இல்லையா, சந்தை முழுக்க அபிப்பிராயம்தான்.

"பறக்கான், சரி. வாகனம் எங்கவே? முருகனுக்கே மயிலு வேண்டியிருக்கு."

"சட்டைய ஒடம்போட சேத்துல்லா தச்சிருக்கான். கழத்துனா தோலும் கூட வரும்."

"செவப்பு மை கோட்டுக்கு வெளிய வழிஞ்சிருக்கு பாரு. எங்க வீட்டுக்கு வெள்ளையடிக்கவன் இதவிட ஒழுங்கா அடிப்பான்."

படத்தில் ஒவ்வொருவன் வாயருகேயும் வெள்ளையாக ஒரு மேகம், அதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து. அது என்ன என்று யேசுவடியான் கேட்டார். தெரியாது என்று சொன்னால் எனக்கு மரியாதை என்ன இருக்கிறது? "பீடிப் பொகை" என்று சொல்லிவிட்டேன். சந்தை நம்பியது. சூரன்கள் இருவரும் பக்கத்துக்குப் பக்கம் இப்படி இழுக்கிறார்களே, நெஞ்சு என்னத்துக்கு ஆகும் என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

இந்தப் பீடியால்தான் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது.

நல்லபெருமாள் பிள்ளை என்று ஒரு பூ வியாபாரி. நான் அவருக்குத்தான் கூடை சுமந்தேன். அவருடைய சொந்தத் தங்கை மகன் தாணு, அவனும் பூ வியாபாரம். பிள்ளையின் மகள் செல்லம்மையைத் தாணுவுக்கென்று சின்ன வயசிலேயே பேசி வைத்திருந்தது. இடையில் பிச்சித் தோட்டத்துக் கிணறு வந்தது. பெண்வழியாக இறங்குகிற மருமக்கள் வழிச் சொத்து, சட்டம் மாறியும் சரியாகப் பிரிபடாமல் கிடந்தது. "கெணறு எங்க அம்மைக்கு உள்ளது" என்று தாணு நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். அன்றைக்கு நின்றது பேச்சு. சுசீந்திரத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் சித்திரை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் மாமன் வாய் திறக்காவிட்டால் தாணுவுக்குப் பெண் இல்லை. செல்லம்மைக்குத் தாணு இல்லை.

பேச்சு இல்லையே தவிர இருவரும் தினமும் யேசுவடியான் கடைக்குத்தான் வருவார்கள். ஒருவர் அந்தப் பெஞ்சு, ஒருவன் இந்தப் பெஞ்சு. மாமன் சொல்லவேண்டியதைப் பாய்லரிடம் சொல்வார். மருமகன் சொல்லவேண்டியதை என்னிடம் சொல்வான். பாய்லருக்கும் எனக்கும் ஒரே உத்தியோகம், பாய்லருக்காவது உள்ளே தீ இருந்தது.

புத்தகத்தின் முதல் சண்டைப் படத்தில், தெருவின் நடுவே வட்டமாக ஒரு குழி. கொழும்பு மச்சினன் பிற்பாடு சொன்னான், அது சாக்கடைக்கு மூடி போடுகிற குழியாம். எங்களுக்கு அது என்ன தெரியும்? வட்டமாக இருந்தால் கிணறு. நரைத்தவன் ஒரு பக்கம், இளந்தாரி மறுபக்கம், நடுவில் கிணறு. யேசுவடியான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார், "இது மாமனும் மருமவனும்லா!"

பிள்ளை எழுந்துவந்து படத்தைப் பார்த்தார். அப்புறம் பாய்லரைப் பார்த்தார்.

"மூத்தவன் வெட்டுன கெணறு. அதுக்க பக்கத்துல வந்து நின்னு ஒரு பச்சையன் கைய ஓங்குகான். இது என்ன கதை? இதையும் அச்சடிச்சு விக்கான்."

தாணு என் தோளைப் பிடித்தான். "மக்கா, நல்லா பாத்துச் சொல்லு. பச்சையன் ஓங்கினானா? அவன் பாட்டுக்குப் பீடி வலிச்சிட்டு நிக்கான். பீடி வலிச்சிட்டு நிக்கவன் அடிப்பானா?"

பிள்ளையின் முகம் மாறியது. "மூத்தவன் மொகத்துக்கு முன்னால பீடியா?" என்று பாய்லரிடம் கேட்டுவிட்டு, பாதிச் சாயாவை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

"ஏலே பாவி," என்று தாணு என்னைத் திருப்பினான். "அந்தப் பொகைய எப்பிடியாவது இல்லாமலாக்கு. ஒனக்கு வேற என்ன வேலை?"

மறுநாள் காலை பிள்ளை உட்கார்ந்ததும் நான் தொண்டையைச் செருமினேன். "அண்ணாச்சி, அது பொகை இல்ல. குளிரு நாடுல்லா. வாயத் தொறந்தா ஆவி வரும். பேச்சுதான் அப்பிடி வெள்ளையா தெரியுது."

பொய் என்று நினைத்துத்தான் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் தவறிப்போய்ச் சொன்ன உண்மைகளில் அது ஒன்று.

பிள்ளை புத்தகத்தை இழுத்தார். "செவப்பனுக்க வாயிலயும் வருதே?"

"அவரும் பேசுகாரு."

"அடிச்சிக்கிட்டா பேசுகான்?"

"ஆமா அண்ணாச்சி. பேசாம இருக்கதவிட அது கொள்ளாம்லா."

யேசுவடியான் டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். நான் வாசலுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிள்ளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மேகங்களை எண்ணுகிறாரோ என்று தோன்றியது. கடைசிப் பக்கத்தில் பச்சையன் பறக்கிற சக்தி தீர்ந்து ஒரு மாடி விளிம்பில் தொங்குகிறான். சிவப்பன் மேலேயிருந்து குனிந்து அவன் விரல்களைப் பிடித்திருக்கிறான்.

"கதை போவட்டும்," என்றார் பிள்ளை. "படம் வரஞ்சவன் ஒரு நாளும் பஸ்ஸுல கூடை ஏத்தினது கெடையாது. வெரலப் பிடிச்சா ஆளு நிக்குமா? ஈரக் கையின்னா வழுக்கிட்டுப் போயிரும்."

அப்போது திருநெல்வேலி பஸ் வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பஸ்ஸுக்குப் பின்னால் இரும்பு ஏணி இருக்கும். பூக்கூடை எல்லாம் கூரைமேல் ஏறும். வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்த கூடைகள், ஆகவே ஏணியும் ஈரம், கையும் ஈரம். தாணு தன் கூடைகளை ஏற்றிக் கூரைமேல் அடுக்கிக்கொண்டு நின்றான். பிள்ளையின் கூடைகளை நான் ஏற்றவேண்டும். கடைசிக் கூடைக்குக் குனிந்தபோது பிள்ளை என்னைத் தள்ளிவிட்டு அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவர் ஏணியில் ஏறி வருஷக்கணக்காகிறது.

"அண்ணாச்சி, நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

"அதத்தான் நானும் யோசிக்கேன்," என்று ஏறினார்.

மேல்படியில் கூடையை உள்ளே தள்ளினார். கூடை போனது. கால் வழுக்கியது. ஒரு கை ஏணியில், ஒரு கை ஆகாயத்தில். தாணு பாய்ந்து கையை நீட்டி அவர் விரல்களைப் பிடித்தான்.

"வெரலு இல்லலே! மணிக்கட்டு! மணிக்கட்டப் பிடி!"

அத்தனை மாதத்துக்குப் பிறகு நேரடியாக அவனிடம் சொன்ன வார்த்தை அது. தாணு மணிக்கட்டைப் பிடித்தான். அவர் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். கீழேயிருந்து நான் தள்ளினேன், எங்கே தள்ளினேன் என்று கேட்காதீர்கள். மேலே போய் இருவரும் கூடைகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பிடியை மட்டும் விடவில்லை.

கடை வாசலிலிருந்து யேசுவடியான் கத்தினார், "அண்ணாச்சி, இப்பம் படம் சரியா வந்திருக்கு!"

சுசீந்திரத்துக்கு ஆள் போய், வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தது. சித்திரையில் தாணுவுக்கும் செல்லம்மைக்கும் கல்யாணம் நடந்தது. கிணற்றில் ஆளுக்கு ஒரு வாரம் இறைப்பு. செல்லம்மை மறுவீடு போகும் வழியில் கடையில் இறங்கி, ஊரைச் சிரிக்கவைத்த புத்தகம் எது என்று கேட்டாள். தூணிலிருந்து அவிழ்க்காமல் காட்டினோம். நின்றபடியே முழுக்கப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு வரஞ்சிருக்கான் அண்ணே. அதான் சண்ட," என்றாள். பிறகு, "இதுல பொம்பளையே கெடையாதா? அப்பம் இவனுவளுக்கு ஆரு சோறு பொங்கினா?"

அதற்குமேல் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு நல்ல அபிப்பிராயம் சந்தையில் வரவே இல்லை. மாமனும் மருமகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எருவிலையும் பூவிலையும் பேசினார்கள். நானும் பாய்லரும் வேலை போய் நின்றோம். சிவப்பனைத் தூசி மூடியது, பச்சையனைக் கரப்பான் தின்றது.

இப்போது பூ வேனில் போகிறது. சாயாக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அதெல்லாம் போகட்டும். கோபமாக இருக்கிறவர்கள் தினமும் ஒரே கடைக்கு வந்து, எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் காதில் விழும்படி ஒருவர் பேசாமல் இருப்பார்களே, அந்த வழக்கம் போய்விட்டது. இப்போது கோபம் என்றால் ஆள் வருவதே இல்லை. தெருவை மாற்றிப் போகிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். நடுவில் வைத்துப் பேச ஒரு பாய்லரும் கிடையாது. என் அண்ணன் மகன்கூட நாலு வருஷமாக அடுத்த தெரு வழியாகத்தான்... அவன் ஏன் அப்படிப் போகிறான் என்றால், ஒரு நாள் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்...

"மாமா! கஞ்சி ஆறிப் போச்சு. எழுதினது போதும், வாருங்கோ!" அடுக்களையிலிருந்து மருமகள்.

இதோ வாறேன் மக்களே.