ஜெயிலுக்குள் போன கவராயம்

போன வாரம் இரத்தினபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன்.

"மிஸ்... பாஸ் பண்ணிட்டாங்க மிஸ்! எழுதின எல்லாருமே கணக்குல பாஸ்!"

அந்தக் கத்தல் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கும் கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே, "ஒங்க புள்ளைங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க... ஜெயில்ல இருக்கிறவங்க" என்றேன்.

அம்மா மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்!

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் வந்துவிட்டது, இல்லாவிட்டால் முழுக் கதையையும் சொல்லியிருப்பேன். உங்களுக்காவது சொல்கிறேன்.

போனில் கத்தியது சிவரஞ்சனி. யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணித டீச்சர். சிறைச்சாலைக்குள் போய், ஓ.எல். என்கிற சாதாரண தரப் பரீட்சைக்குப் படிப்பிக்க ஆசிரியர்களைத் தயார்படுத்தும் பயிற்சி ஒன்றை நான் நடத்தி வருவது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். அதில் வந்து சேர்ந்தவர் அவர். "மறியல் வீட்டுக்குப் போற டீச்சர்னு ஊரே பேசுமே" என்று மாமியார் தடுத்தாராம். "பேசட்டும் மாமி, நான் பின்னேரமே திரும்பி வந்துருவேன்ல" என்று சொல்லிவிட்டு வந்தவர்!

படிப்பிக்கத் தெரிந்தவர்களுக்கு எதற்குப் பயிற்சி என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால்... முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு மூடும் சத்தத்தைக் கேட்ட பிறகு உங்களுக்குக் குரல் எழும்புமா? நரை விழுந்த ஆண்களைப் பார்த்து, பழக்கதோஷத்தில் "சத்தம் போடாதீங்க பிள்ளைங்களா" என்று சொல்லிவிட்டால்? பாதிப் பாடத்தில் ஒருவரை வழக்குக்குக் கூட்டிப்போய்விட்டால், திரும்பி வரும்போது அவருக்கு எங்கிருந்து தொடங்குவது? இதையெல்லாம்தான் பேசுவோம்.

முதல் நாள், உள்ளே கொண்டுபோகக் கூடாத சாமான்களைச் சொல்லிக்கொண்டு போனேன். போன், பிளேட், கண்ணாடி, கூரான எதுவும்...

சிவரஞ்சனி கையை உயர்த்தினார். "கவராயம் மிஸ்?"

"கூடவே கூடாது. முள் இருக்குதே."

"அப்ப வட்டம் எப்படி மிஸ் வரையிறது?"

மற்ற டீச்சர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் விடவில்லை. "ஓ.எல். கணக்குப் பேப்பர்ல வட்டமும் வில்லும் வரையிற அமைப்புக் கேள்வி இருக்கு மிஸ். கவராயத்தைக் கையில புடிச்சே பழகாத ஆளு அந்தக் கேள்வியத் தொடவே ஏலாது. இவங்களுக்கு ஏற்கனவே எவ்வளவோ இல்ல. இந்த மார்க்ஸையும் ஏன் விடணும்?"

பயிற்சி கொடுக்கப் போன நான் அன்று அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சிவரஞ்சனியோ அடுத்த வாரமே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். பிஸ்கட் பெட்டியின் அட்டையை நீளமான துண்டுகளாக வெட்டி, அளந்து அளந்து துளை போட்டு, பக்கத்தில் அளவையும் எழுதினார். ஒரு துளையில் மொட்டைப் பென்சிலை வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். இன்னொரு துளையில் கூர்ப் பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும். அவ்வளவுதான் – வட்டம்!

சிறை வகுப்பில் அந்த அட்டைத் துண்டுகளுக்கு ஏக வரவேற்பு. ஒரு புள்ளி நகர்ந்து போகும் பாதைக்குக் கணக்கில் 'ஒழுக்கு' என்று பெயர். பாடத்தின் தலைப்பைப் பலகையில் எழுதியதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஒழுக்கத்தக் கத்துக்கத்தானே மிஸ் எங்கள இங்க வச்சிருக்காங்க!"

சிவரஞ்சனியும் சேர்ந்து சிரித்தாராம். அன்றிலிருந்து அந்த வகுப்பு அவர் கைக்குள்.

குரல் கொடுத்தவர் பெயர் பரமசிவம். ஓப்பநாயக்கப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றியவர். வயது நாற்பதை நெருங்குகிறது. அவர் ஓ.எல். எழுதத் துணிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. மகளும் அதே வருடம் எழுதுகிறாள். 'அப்பா எங்கே' என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிற பிள்ளை.

பார்வையாளர் நாளொன்றில் மகள் வந்திருக்கிறாள். வழக்கமாக இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். அன்று பரமசிவம், "கணக்குல எது வெளங்கல?" என்று கேட்டிருக்கிறார். அவள் கோணத்தை இருசமக்கூறிடுவது என்று சொல்ல, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி விரலாலேயே வில் வரைந்து காட்டியிருக்கிறார். மகள் அந்தப் பக்கத்திலிருந்து அதே கோட்டில் விரலை ஓட்டினாளாம். "நேரம் போனதே தெரியல மிஸ்" என்று சிவரஞ்சனியிடம் சொன்னாராம்.

எல்லாம் சரி. ஆனால் பரீட்சை மண்டபத்தில் அட்டைத் துண்டு செல்லுமா? வெளியிலிருந்து வரும் மேற்பார்வையாளர், எண்ணும் துளையும் உள்ள அட்டையைப் பார்த்தால் பிட் என்றுதானே நினைப்பார்? அசல் கவராயம் வேண்டும். ஜெயிலரிடம் போனார் சிவரஞ்சனி.

"மிஸ்ட பிஸ்ஸுத?" – பைத்தியமா என்று கேட்டாராம் ஜெயிலர்.

"பிஸ்ஸு இல்ல சேர், பரீட்சை!" என்றாராம் இவர்.

அதற்கு மேல் எல்லாம் சிங்களத்தில். சிவரஞ்சனி தமிழ் பேசுகிற அதே வேகத்தில் சிங்களமும் பேசுவார். ஜெயிலரும் கெட்டவர் அல்ல. ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர், அவ்வளவுதான். கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். முதலில் ஓர் ஒத்திகை. அவர் கண் முன்னால். எண்ணிக் கொடுக்கும் கவராயங்கள் எண்ணித் திரும்பினால் பரீட்சைக்கும் உண்டு. ஒன்று குறைந்தாலும் பேச்சே இல்லை.

ஒத்திகைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். போனேன்.

கவராயத்தைக் கையில் வாங்கியபோது அந்த மனிதர்களின் முகங்களைப் பார்க்க வேண்டுமே... ஒருவர் அதை விரித்தும் மடக்கியும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எல்லோரும் குனிந்து வரையத் தொடங்கினார்கள். பென்சில் உரசும் சத்தம் மட்டும்தான். காவலர்கள் சுவரோரம். ஜெயிலர் பின் மேசைகளுக்கிடையே நடப்பதும் நிற்பதுமாக இருந்தார்.

நேரம் முடிந்தது. சிவரஞ்சனி எண்ணி வாங்கினார். முகம் மாறியது. மறுபடி எண்ணினார்.

ஒன்று குறைந்தது.

கதவை அடைத்தார்கள். எல்லோரையும் எழுப்பித் தலையில் கை வைக்கச் சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். சட்டை, சாரம், செருப்பு... ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்கள். கொஞ்சம் முன்பு செங்குத்துக் கோடு வரைந்துகொண்டிருந்த மனிதர்கள் ஒரு நொடியில் மறுபடி கைதிகள் ஆனார்கள். பரமசிவத்தின் முறை வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மகளை நினைத்திருப்பார். இவ்வளவும் வீணாகப் போகிறதே!

சிவரஞ்சனி என்ன செய்தார் தெரியுமா? நேராக வரிசையின் கடைசியில் போய் நின்றார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன மிஸ் இது?" என்று பதறினார் ஒரு காவலர்.

"எண்ணிக் குடுத்தது நான்தானே சேர்? என்னையும் ஒரு லேடி கார்டக் கூப்பிட்டுப் பாத்துருங்க."

நானும் எழுந்து போய் அவர் பின்னால் நின்றேன். வேறென்ன செய்ய?

விஷயத்தை எழுதிவைக்கப் பேனாவை எடுக்க ஜெயிலர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றது. மெதுவாக வெளியே எடுத்தார்.

கவராயம்!

பின் மேசையில் உதிரியாகக் கிடந்த ஒன்றை எடுத்து, ஆசைக்கு அவரும் ஒரு வட்டம் போட்டுப் பார்த்திருக்கிறார். பிறகு பேனா என்ற நினைப்பில் பைக்குள் சொருகிவிட்டார்.

அவர் நினைத்திருந்தால் திரும்பி நின்று அதைக் கீழே போட்டுவிட்டு, "இதோ கிடக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? செய்யவில்லை. எல்லோரும் பார்க்க அதை மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"மகே வெரத்த..." என்றவர், தமிழிலும் சொன்னார். "என் பிழை. கைய எறக்குங்க எல்லாரும். மன்னிச்சிருங்க."

பரமசிவம்தான் முதலில் கையை இறக்கினார். "பரவால்லீங்க சேர். வட்டம் நல்லா வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

அப்போது எழுந்த சிரிப்பு இருக்கிறதே... ஜெயிலரும் சிரித்தார், காவலரும் சிரித்தார், சிவரஞ்சனி சிரித்துக்கொண்டே அழுதார். செய்த தப்பை ஒத்துக்கொள் என்று ஆயிரம் தடவை அந்தச் சுவர்களுக்குள் சொல்லியிருப்பார்கள். எப்படி ஒத்துக்கொள்வது என்று ஒரு பெரிய மனிதர் செய்து காட்டியது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

பரீட்சையன்று காலையில் கவராயங்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தவர் அதே ஜெயிலர். எல்லாம் பத்திரமாகத் திரும்பின.

முடிவு போன வாரம் வந்தது. பரமசிவத்துக்குக் கணக்கில் 'சி' தரம். மகளுக்கு 'பி'. "அப்பா எங்கேன்னு கேட்டா இப்ப என்ன சொல்லுவ?" என்று பார்வையாளர் நாளில் பரமசிவம் கேட்டிருக்கிறார். "எங்கப்பாவுக்கு சி, எனக்கு 'பி'ன்னு சொல்லுவேன்" என்றாளாம். அடேயப்பா!

இந்த வாரம் அடுத்த பயிற்சி தொடங்கியது. இந்த முறை கணிதப் பகுதியை நடத்தச் சிவரஞ்சனியையே அழைத்திருந்தேன். கதையை அவர் சொல்லி முடித்ததும் மண்டபமே கைதட்டியது. ஓர் இளம் ஆசிரியர் மட்டும் யோசனையோடு எழுந்தார்.

"எல்லாம் சரி டீச்சர். அந்தப் பரமசிவம் என்ன குத்தம் செஞ்சிட்டு உள்ள போனாரு?"

நீங்களும் அதைத்தான் கேட்க நினைத்தீர்கள், இல்லையா?

சிவரஞ்சனி பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது நம்ம சிலபஸ்ல இல்லீங்க சேர்."