முதல் வரியில் நின்ற பட்டியல்

ஜெனிட்டா எங்கள் மீனவர் சங்கத்துக்கு வந்த முதல் நாள், கம்ப்யூட்டரில் இருந்த படகுப் பெயர்களைப் படிக்கச் சொல்லி எல்லோர் முன்னும் என்னை உட்கார வைத்தார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பொடி எழுத்தில் தடுமாறினேன். அந்தப் பெண் தனக்குக் கண் வலிக்கிறது என்று சொல்லி, எழுத்தைப் பெரிதாக்கிவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். அப்புறம் அவள் திரையைப் பார்க்கவே இல்லை.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவள். பெற்றோர் அச்சரப்பாக்கம் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் முடித்தவள் இவள் ஒருத்திதான்.

எங்களுக்கு அவள் செய்து கொடுத்தது உயிர் சம்பந்தப்பட்ட வேலை. கடல் சீற்றம் என்று எச்சரிக்கை வந்தால், சங்கத்துக் கம்ப்யூட்டர் முப்பத்தெட்டுப் படகுக்கும் தானே போன் போட வேண்டும். போன வருஷம் சேதி எட்டாமல் என் தம்பி லோகுவின் படகு கவிழ்ந்தது; அவன் நாலு மணி நேரம் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தான். அதனால் பட்டியல் எழுதும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

வரிக்கு ஒரு படகு. பெயர், இரண்டு புள்ளி, போன் நம்பர். ஒரு வரி புரியாவிட்டாலும் புரோகிராம் நின்றுவிடும், யாருக்கும் போன் போகாது. ஒரு படகு சத்தமில்லாமல் விட்டுப்போவதைவிட மொத்தமாக நின்றால் நமக்குத் தெரியுமே என்பாள்.

ஐப்பசி மழைக்குப் பத்து நாள் இருக்கையில் முழுப் பட்டியலையும் அடித்து ஓட்டினேன். ‘முதல் வரி தப்பு’ என்று நின்றது. ஜெனிட்டாவுக்குப் போன் செய்து, முதல் படகான கடலரசியின் வரியைப் படித்துக் காட்டினேன். நம்பரை அழித்து அடிக்கச் சொன்னாள். புள்ளியை மாற்றச் சொன்னாள். பெயருக்கு முன்னால் இடம் விட்டிருக்கிறதா என்றாள். மூன்று நாள் இப்படியே போனது. அவள் குரலும் ஏறியது, என் குரலும் ஏறியது. சங்கச் செயலாளர் அப்பாசாமி, மிஷினை மூட்டை கட்டிவிட்டுப் பழையபடி மைக்கில் கத்திக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் லீவு போட்டு, மூன்று பஸ் மாறி, வேர்க்க விறுவிறுக்க வந்து திரையைப் பார்த்தாள்.

“மேல தனியா இது இன்னாக்கா?”

“பிள்ளையார் சுழிம்மா.”

“மூணு நாளா போன்ல இத்த ஏன் படிக்கல?”

“சுழிய யாரும்மா வாய்விட்டுப் படிப்பாங்க?”

அவள் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மளிகைச் சீட்டு எழுதினாலும் மேலே சுழி போடாமல் என் கை ஓடாது. அதை ஒரு வரி என்று எண்ண எனக்குத் தோன்றவே இல்லை. எடுத்துத் தொலை என்றார் அப்பாசாமி. விரலைக் கொண்டுபோனேன். சுழிக்கு நேர் கீழே தம்பியின் கடலரசி இருந்தது. அழிக்க மனசு வரவில்லை.

ஜெனிட்டா கீபோர்டை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். இரண்டு புள்ளி இல்லாத வரியை எல்லாம் தாண்டிப் போகும்படி முதலில் எழுதினாள். யாராவது புள்ளி வைக்க மறந்தால் அந்தப் படகும் விட்டுப்போகுமே என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை அழித்தாள். கடைசியில், முதல் வரியில் சுழி மட்டும் தனியாக இருந்தால் தாண்டலாம் என்று எழுதி ஓட்டினாள். கரை நெடுக போன்கள் அடித்தன. வலை பிரித்துக்கொண்டிருந்த லோகு எழுந்து வந்தான்.

“இன்னாக்கா, கடலு பாட்டுக்குத் தூங்கிகினு கீது, மிஷினு என்னைக் கரைக்கு வான்னுது.”

அம்மன் புண்ணியத்தில் அந்த மழைக்காலத்தில் இரண்டு எச்சரிக்கைக்கும் எல்லாப் படகும் திரும்பின. தை மாதம் அவளுக்குப் புனேயில் வேலை கிடைத்தது. மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் வழியனுப்பும்போது, மிஷின் மறுபடி நின்றால் உன்னை எந்த நேரத்தில் கூப்பிடுவது என்று கேட்டேன்.

“என்னைக் கூப்டாதீங்கக்கா. முதல்ல கடல்ல கீறவங்களுக்கு ஒவ்வொருத்தரா கையால போடுங்க. எல்லாரும் கரைக்கு வந்தப்பறம் எனக்குப் போட்டுத் திட்டுங்க.”