தொண்டையில் முளைத்த மரு

அருவித் தண்ணீரால் யாருக்கும் தொண்டை கட்டாது என்று எங்கள் தென்காசியே சத்தியம் செய்யும். என் விஷயத்தில் மட்டும் பழி முழுக்க அருவிக்குத்தான். எழுபதுகளில் நான் கரகரத்த குரலோடு வளர்ந்த பிள்ளை. "பிள்ளைய சாரல்ல விடாதிய" என்று எதிர்வீட்டு அண்ணாச்சி அம்மாவிடம் சொல்வார். அம்மா என்னைக் குற்றாலம் பக்கமே விடமாட்டாள். எவனெவனோ எங்கிருந்தெல்லாமோ வந்து குளித்துவிட்டுப் போகிறான். உள்ளூர்க்காரிக்கு வெந்நீர்தான் கொடுப்பினை.

ஏழு வயதில் மூச்சும் இழுக்கத் தொடங்கிற்று. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் கொத்தாக மரு முளைத்திருக்கிறது, ஒருவகை வைரஸ் கிருமியின் வேலை என்றார். வெட்டி எடுத்தார்கள். முருங்கையை வெட்டினால் சும்மா இருக்குமா? சில மாதத்தில் மறுபடி தழைத்தது, மறுபடி வெட்டினார்கள். இப்படியே வருஷங்கள் போயின.

நான் ஓரளவு விவரம் தெரிந்தவளான பிறகு, ஒருநாள் டாக்டர் அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "இந்தப் பிள்ள வயித்துல இருக்கும்போது உங்களுக்கு மரு ஏதாவது இருந்துச்சாம்மா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஆமாம் என்று அசைத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் காதருகே சொன்னாள். வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இடத்தில் வந்ததாம். பண்பொழி மலைக்கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக நேர்ந்துகொண்டாளாம். உப்பு கரைகிற மாதிரி மருவும் கரையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் பிறந்ததும் அது தானாகவே மறைந்துவிட, கைப்பிள்ளைக்காரிக்கு நேர்ச்சையும் மறந்துபோயிற்று. "சாமி என்னைய தண்டிச்சிருக்கலாம். ஒந் தொண்டையில கொண்டு வச்சுட்டாரே" என்று அழுதாள்.

அந்த வாரமே மலையேறிக் கொட்டினாள். அதன்பிறகு ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னாலும் கொட்டினாள். மரு அசைந்துகொடுக்கவில்லை. சாமி வட்டியும் கேட்கிறாரோ என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் சொல்லமாட்டேன். நான் வாயைத் திறந்தாலே அம்மாவின் முகம் சுருங்கிவிடும். பேசாமல் இருந்தாலோ, "ஏட்டி, எம்மேல கோவமா?" என்பாள். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதற்குக்கூட எனக்குக் குற்றவுணர்ச்சியாக இருந்தது.

கல்லூரி முடித்தபின் மதுரையில் ஒரு பெண் டாக்டரிடம் வைத்தியம் மாறிற்று. அம்மாவிடமிருந்துதான் இது எனக்கு வந்ததா என்று துணிந்து அவரிடம் கேட்டுவிட்டேன். அந்தக் கிருமி எத்தனையோ தாய்மாரிடம் இருக்கும், பிரசவத்தின்போது எத்தனையோ குழந்தைகளுக்குள்ளும் போகும் என்றார். நுழைந்த உடனேயே எழுந்து விரட்ட வேண்டிய காவல் உடம்பிலேயே உண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது விரட்டிவிடும். மிகச் சிலருக்குத்தான் அந்தக் காவல் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. ஏன் என்று டாக்டர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. "அம்மா மேல தப்பே இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்போது வீடு போய்ச் சேருவோம் என்றிருந்தது.

அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இருந்த குரலையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: "எம்மா, ஒம்மேல தப்பே இல்லயாம். கிருமி நெறைய பிள்ளைகளுக்குப் போகத்தான் செய்யுதாம். என் ஒடம்புக்குத்தான் அத வெரட்டத் தெரியலயாம்."

அம்மா துருவுவதை நிறுத்தினாள்.

"அந்த ஒடம்பும் நான் பெத்ததுதானட்டி" என்றாள்.