வளைந்த நாயனம்

லோக்கல் ரயிலில் எதிரே இருந்த அம்மாள் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸபோன் வித்வான் ஒருவர் காலமானாராம். பின்னணியில் அவர் வாசித்த கல்யாணி கேட்டது.

எங்கள் தாராவி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விடிவதே அவர் கேசட்டில்தான். பக்கத்து வீட்டுக்காரர் பதிந்து கொடுத்தது; உறையில் படம் கிடையாது. பட்டறையில் லேத் ஓட்டிய அப்பா, எண்ணெய் வாடை போகாத விரலால் பட்டனை அழுத்துவார். மீன் கழுவும் அம்மாவைக்கூடப் பேசவிடமாட்டார். "நாயனம்னா இதுல்லா நாயனம்!"

வித்வான் பக்கத்துச் சயானுக்குக் கச்சேரி செய்ய வருகிறார் என்றதும் சலவைச் சட்டை போட்டு என்னையும் கூட்டிப்போனார். திரை விலகியது. வித்வான் கழுத்தில் பொன்னிறத்தில் ஏதோ வளைந்து தொங்கியது.

"ஏட்டி, என்னது இது? நாயனத்த எங்க?"

"அதத்தான்ப்பா வாசிக்கப் போறாரு."

வாசிப்பு தொடங்கியது. அப்பா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் என் கண்களைப் பொத்தி, தானும் கண்ணை மூடிக்கொண்டார். "இப்பக் கேளு. நாயனம்தான்."

நெடுநேரம் அந்தக் கையை எடுக்கவேயில்லை.

ரயிலில் கண்களை மூடினேன். எண்ணெய் வாடை வந்தது. நான் இறங்கவேண்டிய குர்லாவும் வந்தது. கண்ணைத் திறக்க மனம் வரவில்லை.