தகரக் குழலில் ஓடிய குதிரைகள்

பீற்றிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். ஜப்பான்காரன் காலத்துப் பினாங்கில் குதிரைப் பந்தயத்தை என்னைப்போல் வாயால் ஓட்டிக் காட்ட இன்னொருவன் இருந்ததில்லை.

அதற்கு முன் அந்த வேலையைப் பார்த்த வெள்ளைக்காரர், பந்தயம் முடிந்தபின் யார் முதல், யார் இரண்டாவது என்று படித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஜப்பான்காரர்கள் அவரைச் சிறையில் அடைத்தபிறகு, பந்தயத் திடல் அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என்னை அறிவிப்புக் கூண்டில் ஏற்றினார்கள். ஒலிபெருக்கி பழுதாகிக் கிடந்தது. மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? வாயில் வைத்துக் கத்த ஒரு தகரக் குழல்தான். முடிவுக் கோட்டுக்கு நேராக இருந்த அந்த மரக்கூண்டிலிருந்து திடல் முழுவதும் தெரியும். கீழே இருப்பவர்களுக்குத் தூரத்து வளைவை மரங்கள் மறைத்துவிடும். குதிரைகள் மரங்களுக்குப் பின்னால் போனதும் அத்தனை சனமும் என் பக்கம் திரும்பும்.

குதிரைகளுக்குப் புதிதாக வைத்த ஜப்பானியப் பெயர்கள் ஒருவர் வாயிலும் நுழையவில்லை. ஆகவே ஓட்டுபவனின் தொப்பி நிறத்தைச் சொன்னேன், முதலில் மலாயில், உடனே தமிழில். எந்தக் குதிரை திணறுகிறது, எவன் சாட்டையை எடுத்துவிட்டான், எல்லாம் சொல்வேன். வேலியோரம் நின்ற துறைமுகத்து ஆட்கள், "அண்ணே, மஞ்சத் தொப்பி எங்கலா?" என்று கத்துவார்கள். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிப்போன நாட்கள் அவை. என் குரல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவர்களுக்குப் பசி தெரியவில்லை.

ஒருநாள் ஜப்பான் அதிகாரிகளின் மொழிபெயர்ப்பாளர் கூண்டேறி வந்தார். நம் தமிழர்தான்.

"செவப்புத் தொப்பி பெரிய அதிகாரியோட குதிர தம்பி. அது எங்க ஓடுனாலும் முன்னால ஓடுதுன்னு சொல்லணுமாம். சின்ன அதிகாரி உத்தரவு."

பெரியவருக்கு இது தெரியாது. அவர் மனத்தைக் குளிர்விக்கச் சின்னவர் செய்த யோசனை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் ஒரு தடவை பொய் சொல்லிவிட்டால், அப்புறம் என் வாயை எவன் நம்புவான்? அன்று சிவப்பு கடைசியாக ஓடியது. கடைசி என்றுதான் சொன்னேன். கீழே இறங்கியதும் சின்னவர் விட்ட அறையில் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. குழல் மொழிபெயர்ப்பாளர் கைக்குப் போனது.

அடுத்த பந்தய நாள் நான் வேலியோரம் நின்றேன். மொழிபெயர்ப்பாளர் நாலு மொழி பேசுவார், பாவம், குதிரையைப் பார்க்கத் தெரியாது. "மேரா முன்னால! செவப்பு முன்னால!" என்று ஒரே பாட்டு. மலாய் நிறங்கள் தெரிந்த பெரியவர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். மற்ற அதிகாரிகளும் எழுந்து குனிந்து குனிந்து வாழ்த்தினார்கள். மரங்களைத் தாண்டி வெளியே வந்தபோது சிவப்பு எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. சனம் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெரியவர் எழுந்த வேகத்தில் உட்கார்ந்தார்.

பிறகு அவரே என்னைக் கூப்பிட்டனுப்பி, "பார்த்ததைச் சொல்" என்று உத்தரவிட்டார். மொழிபெயர்த்துச் சொல்லும்போது அந்தத் தமிழர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி கூண்டேறிய அன்று சிவப்பும் மஞ்சளும் ஒட்டிக்கொண்டு வந்தன. என் குரல் மட்டும்தான் அந்தத் திடலில் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் உட்கார்ந்திருந்த கோணத்துக்குச் சிவப்பு ஜெயித்ததுபோல் தெரிந்திருக்க வேண்டும். அதிகாரிகள் அத்தனை பேரும் கைதட்டி எழுந்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் எழவில்லை. கோட்டைப் பார்க்காமல் என் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூனிங்! மஞ்சள்! ஒரு தலை முன்னால்!" என்றேன்.

பெரியவர் மெல்லத் தலையாட்டினார். எழுந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியாக உட்கார்ந்தவர் என்னை அறைந்தவர்.